வெந்நீர் ஊற்றாத காலை

எண்ணெய்க்குள் மெழுகு இருக்கிறது என்று பழங்காநத்தத்தில் யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். சொல்வதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். தெருவில் எனக்கு பெட்ரோல் கம்பெனிக்காரர் என்று பெயர். விலை ஏறுகிற நாளில் டீக்கடையில் என்னைத்தான் பிடித்துக்கொள்வார்கள், ஏதோ நான்தான் கையெழுத்துப் போட்டு ஏற்றியது போல. நான் செய்வது அடைப்பு எடுக்கிற வேலை. சாக்கடையில் எடுத்தால் ஒரு பெயர், எண்ணெய்க் குழாயில் எடுத்தால் ஒரு பெயர், அவ்வளவுதான் வித்தியாசம்.

மதுரையிலிருந்து கிழக்கே மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கின்றன எங்கள் கிணறுகள். பூமிக்குள்ளிருந்து எண்ணெய் கொதிக்கக் கொதிக்கத்தான் மேலே வரும். வந்த பிறகு வயலுக்கும் வாய்க்காலுக்கும் அடியில் நாலு கிலோமீட்டர் குழாயில் ஓடி எங்கள் நிலையத்துக்கு வந்து சேர வேண்டும். அந்த ஓட்டத்தில் சூடு குறையும். மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்து உட்கார்ந்துகொள்கிறதே, அதே கதைதான். எண்ணெயில் கலந்திருக்கும் மெழுகு பிரிந்து குழாயின் சுவரில் அப்பிக்கொள்ளும். முதலில் நகம் கனம், பிறகு விரல் கனம். கவனிக்காமல் விட்டால் ஒரு சாண் குழாயில் கட்டைவிரல் போகிற அளவுக்குத்தான் வழி மிஞ்சும். மழைக்காலத்தில் இன்னும் மோசம்.

இதை வழித்தெடுக்க ஒரு ரப்பர் உருளை உண்டு. பிக் என்போம். கிணற்றுப் பக்கம் குழாய்க்குள் அதைப் போட்டுவிட்டால், பின்னாலிருந்து எண்ணெய் தள்ள, அது சுவரை வழித்துக்கொண்டே நிலையத்துக்கு வரும். வந்து சேருகிற இடத்தில் ஒரு பெரிய இரும்புப் பெட்டி, அதற்கு ஒரு வட்டக் கதவு. வால்வுகளை மூடி, உள்ளே இருக்கிற அழுத்தத்தை வெளியேற்றி, அழுத்தம் காட்டுகிற கேஜில் முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும். புத்தகத்தில் இதுவரைதான் எழுதியிருக்கும்.

புத்தகத்தில் இல்லாத ஒன்று எங்களுக்குத் தெரியும். கேஜுக்குப் போகிற குழாய் சுண்டுவிரல் தடிமன்கூட இராது. அழுத்தத்தை வெளியேற்றுகிற சின்ன வால்வும் அப்படித்தான். பிக் தள்ளிக்கொண்டு வருகிற மெழுகு முதலில் அந்த இரண்டு வாயையும்தான் அடைக்கும். அடைத்துவிட்டால் உள்ளே எம்புட்டு அழுத்தம் இருந்தாலும் கேஜ் பூஜ்யம்தான் காட்டும், வால்வைத் திறந்தால் சத்தமும் வராது. அதனால் கதவில் கை வைப்பதற்கு முன்னால் அந்தச் சின்னக் குழாய்கள் மேல் வெந்நீர் ஊற்றுவோம். பத்துப் பதினைந்து நிமிஷம் மாற்றி மாற்றி ஊற்றினால் மெழுகு இளகிச் சொட்டும். சொட்டின பிறகு கேஜைப் பார்ப்போம். இதற்கென்றே ஒரு பெரிய அலுமினியக் கெட்டில் வைத்திருந்தோம். எங்கள் ஷிப்டில் புதிதாகச் சேருகிறவனுக்கு முதலில் நான் சொல்லிக்கொடுப்பதே அந்த வெந்நீர்தான். இதை ஏன் இவ்வளவு விளக்குகிறேன் என்றால், தெரியாமல் செய்தேன் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேசிவிடக் கூடாது.

என்னோடு வேலை பார்த்தவன் கொட்டாம்பட்டிக்காரன். ரோட்டிலிருந்து உள்ளே இரண்டு கிலோமீட்டரில் அவன் வீடு. முப்பத்தி நாலு வயது, கல்யாணமாகி ஐந்து வருஷம். எனக்கு ஐம்பத்தொன்று. அவன் என்னை அண்ணே என்பான், நான் அவனை மாப்ள என்பேன். சொந்தமெல்லாம் ஒன்றும் கிடையாது. நான் வேதக்காரன், மிஷன் பள்ளிக்கூட வாத்தியாரின் மகன். அவன் விவசாயக் குடும்பம். ஒப்பந்தக்காரரிடம் சொல்லி அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டது நான்தான். பதினாலு நாள் வேலை, பதினாலு நாள் வீடு. மாட்டுத்தாவணியில் வேன் ஏறினால் ஊர் திரும்புகிறவரை நாங்கள் இருவரும் ஒரே அறையில்தான்.

அது ஷிப்ட் மாறுகிற நாள். இரண்டு நாளாக மழை. காலை எட்டரை மணிக்கு பிக் வந்து சேர்ந்தது. பத்து மணிக்கு வேன். மாறிப் போகிற ஷிப்ட், வந்த பிக்கை எடுக்காமல் அடுத்தவன் தலையில் கட்டிவிட்டுப் போகக் கூடாது என்பது எங்களுக்குள் ஒரு மரியாதை. அதை மீறினால் ஒரு வருஷத்துக்குக் குத்திக் காட்டுவார்கள். பாய்லர் அன்றைக்கு வேலை செய்யவில்லை. வெந்நீர் வேண்டுமென்றால் கேன்டீனில் போய் அடுப்பில் வைக்க வேண்டும், முக்கால் மணி நேரம் ஆகும். நான் வால்வுகளை மூடினேன். சின்ன வால்வைத் திறந்தேன், கொஞ்சம் சீறிவிட்டு நின்றது. கேஜ் பூஜ்யம். ஸ்பானரால் கேஜைத் தட்டினேன். முள் அசையவில்லை.

"அண்ணே, கேன்டீன்ல போயி வெந்நி வச்சு எடுத்தாரவா?" என்று அவன் கேட்டான்.

"வேணாம். அதான் ஜீரோ காட்டுதுல்ல. தெற மாப்ள, வேன் வந்துரும்" என்றேன்.

அவன் என்னை ஒரு தடவை பார்த்தான். பிறகு திறந்தான்.

சத்தம் பற்றி எழுத எனக்கு மனமில்லை. கதவு பிடுங்கிக்கொண்டு அடித்ததும், அதன் பின்னாலேயே பிக்கும் மெழுகும் வந்து விழுந்ததும் ஒரே நேரத்தில் நடந்தன. நான் கேஜ் பக்கம் நின்றேன், அதனால் என் சட்டையில்தான் பட்டது. அவனுக்கு நெற்றியிலும் முகத்திலும். நான் ஓடிப்போய்த் தூக்கினபோது அவன் கண் இருந்த இடத்தில் கறுப்பு மெழுகு அப்பியிருந்தது. அதை விரலால் வழித்தேன். வழிக்கக் கூடாது என்று பிறகு டாக்டர் சொன்னார்.

ஆம்புலன்ஸ் அவனை மதுரைக்குக் கொண்டுபோனது. மாலையில் அதிகாரி என்னை உட்காரவைத்துக் கேட்டார். திறந்தது யார்? அவன்தான். நீங்கள் திறக்கச் சொன்னீர்களா? இந்தக் கேள்விக்கு முன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்திருந்தது, பிழைப்பது சந்தேகம் என்று. நான் என்ன நினைத்தேன் என்பதை உள்ளபடி எழுதிவிடுகிறேன். சாகப்போகிறவனுக்குப் பழியால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். இதைவிடக் கேவலமாக என் ஆயுளில் நான் எதையும் நினைத்ததில்லை. நினைத்தபடியே ஒரு தாளும் வாங்கி எழுதிக் கொடுத்தேன்: "நான் கேஜைக் கவனித்துக்கொண்டிருக்கும்போது, என் அனுமதிக்குக் காத்திராமல் அவர் அவசரப்பட்டுக் கதவைத் திறந்துவிட்டார்." என் கையெழுத்து மணி மணியாக இருக்கும். அப்பா அடித்து அடித்துத் திருத்திய கையெழுத்து.

அவன் சாகவில்லை. நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். இரண்டு கண்ணும் போய்விட்டது. தலையில் பட்ட அடியில் அந்த நாளும் போய்விட்டது. மழை பெய்தது ஞாபகம் இருக்கிறது, முதல் நாள் கேன்டீனில் தோசை கருகியிருந்தது ஞாபகம் இருக்கிறது, அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. அந்த ஞாபகம் இனித் திரும்பி வராது என்று டாக்டர் சொன்னபோது அவன் மனைவி அழுதாள். நானும் பக்கத்தில் நின்று அழுதேன். ஆனால் என் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று நிம்மதியாக மூச்சு விட்டது. அதை அன்றைக்கே உணர்ந்தேன், தெரியாதது போல இருந்துகொண்டேன்.

விசாரணை அறிக்கையில் என் வாக்கியம் அப்படியே ஏறியது. அறிக்கையின் நகல், நான் எழுதிக் கொடுத்த தாளின் நகலோடு, அவன் வீட்டுக்கும் போனது. அவன் மனைவி பிளஸ் டூ வரை படித்தவள். எழுத்துக்கூட்டியல்ல, வரி வரியாகப் படித்திருக்கிறாள்.

அதன் பிறகு எட்டு மாதம், ஒவ்வொரு விடுப்பிலும் இரண்டாவது நாள் நான் கொட்டாம்பட்டிக்குப் போனேன். பழங்காநத்தத்திலிருந்து மாட்டுத்தாவணி, அங்கிருந்து மேலூர் வழியாக பஸ். மேலூரில் இறங்கி ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொள்வேன். என் மனைவிக்கு என்மேல் பெருமை. கூட வேலை பார்த்தவனை யார் இப்படிப் பார்க்கிறார்கள் என்று மாதா கோயிலில் நாலு பேரிடம் சொல்வாள், அவர்களும் என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டுவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குப் பிடிக்காமல் போயின.

அவன் வீட்டில் என்னை ராஜா மாதிரி கவனித்தார்கள். வேலை வாங்கிக் கொடுத்தவர், ஆஸ்பத்திரியில் கூடவே நின்றவர், மாதம் தவறாமல் வருகிறவர். முன்னறையில் நாற்காலி போடுவார்கள். அவன் எதிரே கட்டிலில் உட்கார்ந்திருப்பான், முகத்தை என் குரல் வருகிற பக்கம் திருப்பி, ஆனால் சரியாகத் திருப்பாமல், கொஞ்சம் தள்ளி. சாப்பாட்டு நேரத்தில் அவன் மனைவி இலை போட்டுப் பரிமாறுவாள். அந்த நேரத்தில்தான் அவள் பேச்சு ஆரம்பிக்கும். பேச்சு என்னிடம், வசவு அவனுக்கு.

"நீங்களே சொல்லுங்கண்ணே, அம்புட்டு அவசரம் என்னத்துக்கு? இவரு வந்து நிக்கலைன்னா வேனு போயிருமா? பக்கத்துல அனுபவப்பட்ட மனுசன் நிக்கிறாருல்ல, அவரு வாயத் தெறந்து சொல்றவரைக்கும் பொறுக்க முடியல. எல்லாத்துலயும் இப்பிடித்தேன். சோத்தப் போடங்குள்ள தட்டுல கைய வச்சுக்கிட்டு நிப்பாரு. இப்பப் பாருங்க, தட்டு எங்கருக்குன்னு நாந்தேன் கையப் பிடிச்சுக் காட்டணும்."

கெட்டவளில்லை அவள். அவனைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, கக்கூஸுக்குக் கூட்டிப்போய், மாமனாரோடு வயலுக்கும் போய் வந்து, இத்தனைக்கும் நடுவில் அவளுக்குக் கோபப்பட ஒரு ஆள் வேண்டியிருந்தது. அறிக்கை ஒரு ஆளைக் காட்டிக் கொடுத்திருந்தது. அவன் ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. "ஆமா, எம்மேலதான் தப்பு" என்பான். சில சமயம் என்னிடம் கேட்பான். "அண்ணே, நான் ஏண்ணே தெறந்தேன்? நீங்க ஒண்ணுமே சொல்லலையா? நிறுத்துன்னு ஒரு சத்தம் போட்டிருப்பீகளே?"

"போட்டேன் மாப்ள" என்று ஒரு தடவை சொன்னேன். ஆமாம், அதையும் சொன்னேன்.

இலையில் தலையைக் குனிந்துகொண்டு நான் சாப்பிடுவேன். அவள் கைப்பக்குவம் நன்றாக இருக்கும். ரசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கியிருக்கிறேன்.

தவக்காலத்தில் எங்கள் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நல்ல மனிதர். சம்பந்தப்பட்டவரிடம் போய்ச் சொல் என்றார், ஜெபம் சொன்னார், பாவமன்னிப்பும் கொடுத்தார். வெளியே வந்து பைக்கில் சாவியைப் போடும்போது எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. மன்னிப்புக் கொடுக்க வேண்டியவன் அவர் இல்லை, கொட்டாம்பட்டியில் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறான். சொல்லத் தைரியம் இல்லாத நான் இவரிடம் வந்து குறுக்கு வழி தேடுகிறேன். போகிறேன், போகிறேன் என்று மேலும் இரண்டு விடுப்பு போயிற்று.

இதற்கிடையில் நிலையத்தில் மாதாந்திரப் பாதுகாப்புக் கூட்டத்தில் இந்த விபத்தைப் பாடமாக்கினார்கள். படம் போட்டு, மேலே "அவசரம்" என்று பெரிய எழுத்தில் எழுதி, கூட இருந்தவர் என்ற முறையில் என்னையே பேசச் சொன்னார்கள். புதிதாக வந்தவர்கள் இருபது பேர் முன்னால் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்து, அனுமதிக்குக் காத்திராமல் திறப்பவன் கதி என்ன என்று சொன்னேன். வெந்நீரைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. திறந்தால் அடுத்த கேள்வி அன்றைக்கு ஏன் ஊற்றவில்லை என்பதாக இருக்கும். அங்கே இருந்த இருபது பேருக்கும் அவர்கள் உயிரைக் காப்பாற்றக்கூடிய ஒரே விஷயத்தை மறைத்துவிட்டு, கைதட்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அடுத்த விடுப்பில் கொட்டாம்பட்டிக்குப் போனபோது அந்தச் செய்தி எனக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. கூட்டத்தில் இருந்த யாரோ அவனுக்குப் போன் செய்திருக்கிறார்கள். எனக்கு இலை போட்டாயிற்று. சோறும் விழுந்தாயிற்று. அவள் குழம்பை எடுக்க உள்ளே போயிருந்தாள். அவன் முகத்தை என் பக்கம் திருப்பினான்.

"அண்ணே, மீட்டிங்ல என்னையப் பத்திப் பேசுனீகளாம்ல. நல்லாப் பேசுனீகன்னு சொன்னாங்க. பேசுங்கண்ணே, வெக்கப்பட்டுக்கிட்டு விட்றாதீக. என்னையப் பாத்தாவது நாலு பேரு பொழைக்கட்டும். வேணும்னா சொல்லுங்க, நானே வந்து நிக்கிறேன். இவந்தான் அவசரப்பட்டவன்னு காட்டுங்க."

அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். வந்து நிற்கிறேன் என்றபோது கட்டிலிலிருந்து கொஞ்சம் எழுந்தும்விட்டான், இப்போதே கூட்டிப் போகப் போகிறேன் என்பது போல. சோற்றில் வைத்த கையை எடுத்தேன்.

"மாப்ள, உக்காரு" என்றேன். "நீ அவசரப்படல. வெந்நி வைக்கவான்னு நீ கேட்ட. நாந்தான் வேணாம்னேன். தெற, வேன் வந்துரும்னு நாந்தான் சொன்னேன். நீ தெறந்த. நிறுத்துன்னு நான் சத்தம் போடல. பேப்பர்ல எழுதுனது பொய்யி."

அவன் உட்கார்ந்தான். வெளியே யாரோ டிராக்டரை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் கேட்டனா?" என்றான்.

"கேட்ட."

"வெந்நி வைக்கவான்னு நானே கேட்டனா?"

"நீயேதான் கேட்ட மாப்ள."

அவன் உள்பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டான். அவள் குழம்புச் சட்டியோடு வந்தாள். "அண்ணே ஒண்ணு சொல்றாரு, கேளு. அண்ணே, இப்பச் சொன்னத அப்பிடியே திரும்பச் சொல்லுங்க."

சொன்னேன். அவள் சட்டியைத் தரையில் வைத்தாள். ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்றுதான் முதலில் நினைத்தாள். "அவரத் தேத்தணும்னு நீங்க எதையாச்சும் சொல்லாதீகண்ணே, நான்தான் பேப்பரப் படிச்சேன்ல, உங்க கையெழுத்துதான இருந்துச்சு" என்றாள். "கையெழுத்து என்னுதுதான்மா, எழுதுனது பொய்யி" என்றேன்.

"அப்பாவக் கூப்புடு" என்றான் அவன்.

அவள் அசையவில்லை. அவனே குரல் கொடுத்தான். கொல்லையிலிருந்து அவன் அப்பா ஈரக் காலோடு வந்து நிலைப்படியில் நின்றார். அவருக்குக் காது மந்தம். சத்தமாகச் சொல்லுங்கள் என்றான் அவன். நான் எழுந்து நின்று, எச்சில் கையோடு, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். பெரியவர் தோள் துண்டை எடுத்து உதறினார், மறுபடி போட்டுக்கொண்டார், மகனைப் பார்த்தபடியே நின்றார்.

"ஆபீசருக்குப் போன் போடுங்கண்ணே. ஸ்பீக்கர்ல போடுங்க."

இடது கையால் போட்டேன். நேரில் பேசிக்கொள்ளலாமே, இப்போது எதற்கு என்று அவர் இரண்டு தடவை குறுக்கிட்டார். அவன் தலையை முன்னால் நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். நான் முழுவதையும் சொன்னேன். வெந்நீரைச் சொன்னேன், பாய்லரைச் சொன்னேன், வேனைச் சொன்னேன். அந்தப் பக்கம் அவர் போனை வைத்துவிட்டார்.

அவன் முதுகு நிமிர்ந்திருந்தது. எட்டு மாதமாக அவன் அப்படி உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

பேசியது அவள்தான். குரல்கூட உயரவில்லை.

"எட்டு மாசம்ணே. நான் இவர வைய வைய, நீங்க இந்தா இந்த எடத்துல உக்காந்து சோறு தின்னீக."

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கட்டிலுக்குப் போய் அவன் காலடியில் உட்கார்ந்தாள். அவன் வலது கையைப் பிடித்து இழுத்து, அந்தக் கையாலேயே தன் கன்னத்தில் மாறி மாறி அறைந்துகொண்டாள். அவனுக்கு என்ன நடக்கிறது என்று முதலில் புரியவில்லை. பிறகு கையை உருவப் பார்த்தான். அவள் விடவில்லை. "வேணாம்டி, விடு, எனக்குத் தெரியல, என்ன செய்யிறன்னு எனக்குத் தெரியலடி" என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான்.